சண்டி முட்டிய காரணம்

சண்டி என்று பெயர் வைத்துவிட்டு, சொன்ன பேச்சை ஆடு கேட்கவில்லை என்றால் அது யார் குற்றம்? விளாத்திகுளம் சந்தையில் வாங்கி, உடன்குடிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஷெர்லினின் வீட்டுப்பாட நோட்டில் பாதியைத் தின்றுவிட்டது. ஆனாலும் ஷெர்லினுக்குச் சண்டி என்றால் உயிர்.

மழை பெய்த வாரத்தில் சண்டியின் முதுகில் பொருக்கு கட்டியது. அடுத்த வாரம் தெருவில் இன்னும் மூன்று ஆடுகளுக்கும் அதே பொருக்கு.

"எல்லாம் ஒங்க ஆடு கொண்டாந்த நோய்தான்," என்றார் கருப்பட்டிக் கடை வில்பிரட் அண்ணாச்சி. "எங்கயாவது அனுப்பிருங்க."

"டாக்டரம்மா சோதனைக்கு எடுத்துட்டுப் போயிருக்காவ அண்ணாச்சி," என்றாள் ஷெர்லினின் அம்மா கிருபை. "எங்க ஆடுதான்னு தெரிஞ்சா வித்திருதேன்."

அன்று ஷெர்லின் சாப்பிடவில்லை.

கால்நடை டாக்டர் ஈவாஞ்சலின் நான்கு ஆடுகளின் பொருக்கையும் தனித்தனிக் குப்பிகளில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார். பார்வைக்கு எல்லாக் கிருமியும் ஒன்றுபோல இருக்கும். அதன் மரபணுவைப் பார்த்தால்தான் எது எந்த வகை என்று தெரியும்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் வந்தார். தெருவே கூடிவிட்டது.

"மூணு ஆட்டுலயும் இருக்கது ஒரே வகைக் கிருமி. சண்டிகிட்ட இருக்கது வேற வகை. அதுல இருந்து இதுகளுக்குப் பரவல," என்றார் டாக்டர்.

"அப்ப எங்கன இருந்து வந்துச்சு? மூணும் மூணு எடத்துலல்லா மேயுது?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"அதுதான் எனக்கும் தெரியல."

ஷெர்லினுக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. அண்ணாச்சிக்கு இரக்க மனசு. மழை தொடங்கினால் போதும், பனந்தும்புப் பிரஷ்ஷையும் வேப்பெண்ணெயையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், நோய் வராமலிருக்க ஆடுகளுக்குத் தடவிவிடுவார். எல்லா ஆட்டுக்கும் அதே பிரஷ்தான். சண்டிக்கும் தடவ வந்தார். பிரஷ் பக்கத்தில் வருவதற்குள் சண்டி அவரை முட்டிக் கீழே உட்கார வைத்துவிட்டது.

எல்லார் முன்னாலும் சொன்னால் அண்ணாச்சி முகம் வாடிப்போகும். ஷெர்லின் சாயங்காலம் தனியாகக் கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அந்தப் பிரஷ்ஷத் தாங்க. டாக்டரம்மாகிட்ட குடுக்கணும்."

"அது எதுக்குளா?" என்றவர், பிரஷ்ஷின் தும்பை விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு பிரஷ்ஷை ஒரு பையில் போட்டு நீட்டினார்.

ஆய்வகத்தில் பார்த்தபோது, பிரஷ்ஷில் இருந்ததும் அந்த மூன்று ஆடுகளின் கிருமி வகையேதான். அதைத் தெருவுக்குச் சொன்னது ஷெர்லின் அல்ல, அண்ணாச்சி. வீட்டுக்கு ஒன்றாகப் புதுப் பிரஷ் கொடுத்து, அவரே வாசல் வாசலாகச் சொன்னார். டாக்டர் கொடுத்த மருந்தில் நான்கு ஆடுகளும் தேறின.

கடைசியாக ஒரு கட்டு அகத்திக்கீரையோடு சண்டியிடம் வந்தார்.

"ஒம்மேல பழி போட்டுட்டேன். மனசுல வச்சுக்காத."

சண்டி கீரையைக் காம்புவரை தின்றது. பிறகு நிதானமாக அவரை ஒரு முட்டு முட்டியது.

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்தபடியே ஷெர்லினைப் பார்த்துச் சிரித்தார்.

"மத்த மூணு ஆடும் அன்னைக்கு இப்படி முட்டியிருந்தா, ஒண்ணுக்கும் என்னால நோய் வந்திருக்காது பிள்ள."