வெட்டில் மாட்டிய ரம்பம்

“பக்கத்து வீட்டு டுவேன் வச்சிருக்கறது இதைவிடப் பெருசு,” என்றாள் எல்மா.

“அவனுக்கு வேற எதுலயோ குறை. அதான் ரம்பம் பெருசு,” என்றான் வெய்க்கோ. கடைக்காரர் சிரிப்பை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சீ. நிஜமாத்தான் கேக்கறேன். இது சின்னதா இருக்கே.”

“இங்க பாரு அம்மணி. இந்த மோட்டார் ரம்பத்துல சங்கிலி ஓடற இரும்பு நாக்கு இருக்குல்ல, இதோட நீளமும் நம்ம அடுப்பு வாயும் ஒரே அளவு. மரத்து மேல வச்சு அளந்துக்கிட்டே வெட்டலாம். பெருசா வாங்கினா கனம்தான் மிச்சம். சாயங்காலம் கை தளரும். கை தளர்ந்தா கால்ல இறங்கும்.”

“சரி. தினம் துடைச்சு எண்ணெய் போடணும்னு சொன்னியே, அது எங்க வச்சு?”

“சாப்பாட்டு மேஜையிலதான். வேற எங்க?”

“அப்ப சாப்பாட்டைக் கொட்டகையில போடறேன். அங்கயே போய்த் தின்னு.”

ரம்பம் ஒரு வாரத்தில் மேஜைக்கு வந்துவிட்டது. பழைய செய்தித்தாளை விரிப்பது அவள் வேலை. மூடியைக் கழற்றி, எண்ணெயில் குழைந்த மரத்தூளைத் தூரிகையால் தள்ளி, பல் ஒவ்வொன்றுக்கும் அரம் போட்டு, நாக்கை மேல்கீழாகப் புரட்டி மாட்டுவது அவன் வேலை. எத்தனையோ குளிர்காலங்கள் அந்த அரத்தின் சீரான உரசலைக் கேட்டபடியேதான் அவள் காய்கறி நறுக்கினாள். வெய்க்கோ ஒரு நாளும் ரம்பத்தை வெளியே தூங்கவிட்டதில்லை.

அதனால்தான் நவம்பரில் அந்த மாலை, முதல் பெரிய பனி கொட்டத் தொடங்கியபோது, அவன் வெறுங்கையோடு உள்ளே வந்தது அவளுக்கு எங்கோ இடித்தது.

செய்தித்தாள் விரித்து வைத்திருந்தாள். அரமும் தூரிகையும் அதன்மேல் இருந்தன. அவன் மேஜையைத் தாண்டிப் போய் அடுப்புக்கு எதிரே இருந்த நாற்காலியில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

“ரம்பம் எங்கே?”

“வெட்டுல மாட்டிக்கிச்சு.”

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. சாய்ந்த மரம் தன் கனத்தோடு வெட்டின்மேல் உட்கார்ந்துவிட்டால் ரம்பத்தை எந்தப் பலசாலியாலும் உருவ முடியாது. இந்த ஏரிக்கரைக் காடுகளில் எல்லா ஆண்களும் அதை அப்படியே விட்டுவிட்டு வந்து, மறுநாள் ஆப்பும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போவார்கள். அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். ஏற்கெனவே படிந்திருந்த மெல்லிய பனியில், கொட்டகையிலிருந்து மேப்பிள் மரங்கள் நிற்கும் சரிவுவரை ஒரே தடம்தான் இருந்தது. போன தடம். திரும்பும்போது தன் தடத்திலேயே கால் வைத்து வந்திருப்பான், பனியில் நடக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள் என்று நினைத்துத் திரையை இழுத்துவிட்டாள். அன்று இரவு ஏரியிலிருந்து வந்த பனி எல்லாத் தடத்தையும் மூடியது.

படுக்கப் போகுமுன் அவன் கூப்பிட்டான்.

“எல்மா. ஒண்ணு கேக்கணும்.”

அவன் குரலில் காற்றுக் குறைந்திருந்தது. அவன் அப்பாவும் நெஞ்சு வலி வந்த வருஷம் இப்படித்தான் பேசினார். ஆஸ்பத்திரி, வீட்டை விற்பது, நகரத்தில் ஓர் அறை: அந்தப் பேச்சு என்றோ வரும் என்று அவளுக்குத் தெரியும். அது இன்றைக்கு வேண்டாம்.

“நாளைக்குக் கேளு. களைச்சுப் போயிருக்கே,” என்றாள்.

அவன் தலையசைத்தான். தொப்பியின் மடிப்பில் இருந்த பனி, அடுப்பு அவ்வளவு அருகில் எரிந்தும், அப்படியே வெள்ளையாக இருந்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

மறுநாள் அவன் காட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. நாற்காலியை அடுப்புக்கு இன்னும் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, “குளிருது,” என்றான். அவள் விறகு போட்டாள். இரும்பு செந்நிறமாகும்வரை போட்டாள். உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வைத்துச் சுட்ட பேஸ்டியை அவன் மடியில் வைத்தாள்; மாலையில் அது தொடாமல், கல்போல இறுகி இருந்தது. சனிக்கிழமை, நீராவிக் குளியலுக்கான சவுனா அறையில், சுட்ட கற்கள் சீறச் சீறத் தண்ணீர் ஊற்றி அவனைக் கைபிடித்து உட்காரவைத்தாள். அவள் உடம்பெல்லாம் வேர்த்து வழிந்தது. ஆவி முட்டிய அந்த அறையில் அவன் முதுகு மட்டும் காய்ந்தே இருந்தது. தொட்டாள். கிணற்றடிக் கல்.

டாக்டரைக் கூப்பிடலாம் என்றபோதெல்லாம், “அதெல்லாம் வேண்டாம். ஒண்ணு கேக்கணும்,” என்று அவன் ஆரம்பிப்பான். அவள் உடனே எழுந்து காபி போடப் போய்விடுவாள். கேட்டுவிட்டால் ஏதோ முடிந்துபோகும் என்று தோன்றியது. என்ன முடியும் என்று அவள் யோசிக்கவில்லை. அவன் வீட்டில் இருக்கிறான். அது போதும்.

இரண்டு குளிர்காலத்துக்காக அடுக்கிய விறகு, கிறிஸ்துமஸ் வருமுன்னே சுவரோரம் சரிந்து தரை தெரிந்தது.

பாதையில் பனி தள்ள வந்த டுவேன், கதவைத் திறந்து நடையிலேயே நின்றான். பனி பூட்ஸோடு யாரும் அதைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

“எங்கே நம்ம ராஜா? குழியில கரடி மாதிரி படுத்துட்டானா?”

“உடம்பு சரியில்ல டுவேன்.”

“டேய் வெய்க்கோ, பொண்டாட்டி கையால காபி குடிச்சுக்கிட்டே குளிர்காலத்தை ஓட்டிடலாம்னு பாக்கறியா?” உள்ளே நாற்காலியின் முதுகும், அதற்குமேல் தொப்பியும் மட்டும் தெரிந்தன. டுவேன் குரலைத் தாழ்த்தினான். “கோவமா?”

“அசதி.”

“சரி விடு. பேசாதவனைப் பேச வைக்கறது என் பொழப்பு இல்ல. விறகு கம்மியா இருக்கு போல. என் ரம்பத்தைக் கொண்டு வந்து வெட்டித் தரட்டுமா?”

பின்னாலிருந்து ஒரு ஓசை வந்தது. பச்சை மரத்தின் நார் ஒவ்வொன்றாக அறுந்து இழுபடுவதுபோல. அது அவன் மூச்சு என்று அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

“வேண்டாம்,” என்றாள் அவசரமாக. “நானே பாத்துக்கறேன்.”

டுவேன் மூக்கை உறிஞ்சினான். “உள்ள பச்சை மேப்பிளா எரிக்கறே? வாசனை வீடு முழுக்க அடிக்குதே. புகைபோக்கியில கரி பிடிக்கும், பாத்துக்க.”

எல்லாம் காய்ந்த விறகுதான். வண்டிச் சத்தம் மறைந்தபிறகு அவளும் முகர்ந்தாள். புகையின் அடியில் அது இருந்தது. அப்போதுதான் வெட்டிய மரத்தின் ஈரமான இனிப்பு, அதோடு சங்கிலி எண்ணெய். நாற்காலியை நெருங்க நெருங்க அது கூடியது.

கொட்டகை மூலையில் பழைய ரம்பம் ஒன்று இருந்தது. தொட்டியில் விட்டுவைத்த பெட்ரோல் பிசினாகியிருந்தது. அதை வடித்து, புதிதாக எண்ணெய் கலந்து ஊற்றி, முற்றத்தில் ஒரு கட்டையில் வைத்துப் பார்த்தாள். சில்லுக்குப் பதில் மாவுபோலத் தூள் பறந்தது. பல் மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேஜையில் செய்தித்தாளை விரித்து அரத்தை எடுத்தாள்.

வெய்க்கோ நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரத்தை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வேண்டுமென்றே நேராகப் பிடித்தாள். தள்ள வேண்டிய இடத்தில் முன்னும் பின்னும் இழுத்தாள். கரகரவென்று கேட்கவே கூசும் சத்தம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வெண்ணெய்க் கத்தி பிடிப்பதைக்கூட அவன் திருத்தியவன். “ஐயோ அம்மணி, அது ரம்பமா, கேரட்டா?” என்று எழுந்து வந்து பிடுங்கிக்கொள்வான். வந்து பிடுங்கட்டும். திட்டட்டும். ஒரு வார்த்தை.

இன்னொரு பல்லையும் கெடுத்தாள்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் ஒன்றுமில்லை. கண் இமைக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு பல்லையும் சரியாகத் தீட்டி முடித்தாள். அழுதுகொண்டே தீட்டினாள், ஆனால் சத்தம் வரவிடவில்லை.

மறுநாள் மதியம் பனி நின்றது. சறுக்குவண்டியில் ரம்பத்தையும் ஆப்பையும் வைத்து இழுத்துக்கொண்டு சரிவு ஏறினாள். ரம்பம் மாட்டிய மரம் எப்படியும் பாதி வெட்டியதுதானே, அதையே முடித்துவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முட்டிவரை பனி. நாலு மணிக்கே மங்கிவிடும் வெளிச்சம், இப்போதே மரங்களுக்கிடையில் நீலமாகத் தேங்கியிருந்தது. காகம்கூட இல்லை.

அந்த மேப்பிள் நிற்கவில்லை.

அது பக்கத்து மரத்தில் தொற்றி, பிறகு உருண்டு விழுந்திருந்தது. அடிமரம் நெடுக்காகப் பிளந்து நின்றது. அந்தப் பிளவில், பனித்தொப்பி போட்டுக்கொண்டு, ரம்பத்தின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் கைப்பிடியின் பனியைத் தட்டினாள். அவன் சுற்றிய கறுப்பு நாடா. பிறகு விழுந்த மரத்தோடு நடந்தாள். போகாதே. நடந்தாள்.

மரத்தின் நடுவில், அடிப்பக்கம், பட்டை ஒரு வட்டத்துக்கு உரிந்திருந்தது. ஒரு கை எட்டுகிற தூரத்துக்கு. உள்மரம்வரை. கோடு கோடாக. கோடுகளில் பழுப்பாக எதுவோ உறைந்திருந்தது. கீழே பனி குழிந்து, உருகி, திரும்ப உறைந்து, கண்ணாடியாகியிருந்தது. யாரோ விடும் மூச்சு இடைவிடாமல் பட்டுக்கொண்டே இருந்தால்தான் பனி அப்படி ஆகும். ஒரு நாளில் ஆகாது.

கண்ணாடிக்குள் வெய்க்கோவின் ஆரஞ்சு நிறச் சட்டைக் கை.

அவள் பனியைத் தோண்டவில்லை. தோண்டத் தேவையிருக்கவில்லை. இங்கிருந்து சமையலறை ஜன்னல் தெரிந்தது. அதன் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் அவள் பாத்திரம் கழுவும் சத்தம்கூட இங்கே கேட்டிருக்கும்.

அந்த மாலை அவன் வந்திருக்காவிட்டால் அவள் தேடி வந்திருப்பாள். விளக்கெடுத்துக்கொண்டு ஓடி வந்திருப்பாள். டுவேனைக் கூப்பிட்டிருப்பாள்.

வந்துவிட்டான் என்றுதானே திரையை இழுத்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியது அவளுக்கு நினைவில்லை. கால் தன் தடத்திலேயே விழுந்து விழுந்து வந்தது. நடைச் சுவரில் டெலிபோன் இருந்தது. யாரிடம், என்னவென்று சொல்வது? கடந்து போனாள். சாவி முற்றத்துக் காரிலேயே இருந்தது. காரையும் கடந்துதான் வந்திருந்தாள். போக வேறு இடம் இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை.

அடுப்பு அணைந்திருந்தது. சாம்பல்கூடச் சில்லிட்டிருந்தது. வீடு முழுக்கப் பச்சை மேப்பிள்.

நாற்காலியில் அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தான். அந்தச் சாய்வு இப்போது அவளுக்குப் புரிந்தது. இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கைகள் மடியில் கிடந்தன. நகங்கள். அவள் நகங்களைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவன் கையைத் தன் இரு கைகளிலும் எடுத்துக்கொண்டாள். அது கனத்தது. ஒரு கை அவ்வளவு கனக்காது.

“எல்மா.”

“ம்.”

“ஒண்ணு கேக்கணும்.”

ஜன்னலில் கடைசி வெளிச்சமும் போயிற்று. எங்கோ சரிவில் ஒரு கிளை முறியும் சத்தம் கேட்டது. அது அவன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

“கேளு,” என்றாள்.

நார் ஒவ்வொன்றாக அறுந்தது. அவன் வெகுநேரம் காற்றைத் தேடினான்.

“மரத்தைக் கொஞ்சம் தூக்கேன். நீ வருவேன்னுதான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”