குருவியின் கை

தோற்றிருக்க வேண்டிய ஆட்டம் அது. தோற்கவில்லை.

ஆமை தன் கையிலிருந்த முப்பத்தாறாம் எண் சீட்டை மேஜை நடுவில் வைத்தாள். வைத்த கை மடிக்குத் திரும்புவதற்குள், காலி நாற்காலிக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்த ஒற்றைச் சீட்டைக் குருவியின் அப்பா உள்ளங்கையால் நடுவுக்குத் தள்ளினார். வாத்தி அதைத் திருப்பிப் போட்டான். முப்பத்தேழு. வாத்தியின் கையில் இருந்தது முப்பத்தெட்டு.

"அப்பா, கலக்கிட்டீங்க!" என்று பல்லு மேஜையைத் தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். ஆமையும்தான் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தச் சீட்டில் என்ன எண் என்று அதுவரை யாருமே பார்க்கவில்லை. அப்பாவும் பார்க்கவில்லை.

நாலு பேராக இருந்தவர்கள் அவர்கள். வாத்தி பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். பல்லு பல் டாக்டர். ஆமை கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள்; எந்த ஆட்டத்திலும் கடைசி ஆளாகத்தான் காய் நகர்த்துவாள் என்பதால் அந்தப் பெயர். குருவி ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் வீட்டுக் கூடத்தில் ஏதாவது ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பிரித்து உட்கார்ந்துவிடுவார்கள். ரயில் பாதை போடுவார்கள், தீவு பிடிப்பார்கள், ஊரைக் கொள்ளை நோயிலிருந்து காப்பாற்றுவார்கள், காப்பாற்ற முடியாமல் போனதற்கு ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுச் சண்டை பிடிப்பார்கள். பொழுது போவதே தெரியாது.

குருவி இறந்து ஐந்து மாதம். ஆமை ஓட்டிக்கொண்டு வந்த கார் ஒரு வளைவில் வழுக்கி, தண்ணீர் வற்றிக் கிடந்த கால்வாய்க்குள் உருண்டது. ஆமைக்குக் கையிலும் விலாவிலும் எலும்பு முறிவு. குருவிக்கு எல்லாமே முடிந்துபோனது.

மூன்று மாதம் கழித்து அவள் அப்பாதான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "அவ பெட்டியெல்லாம் தூசி படிஞ்சு கெடக்குதுப்பா. ஞாயித்துக்கிழமை வாங்களேன். நானும் கூட உக்காந்துக்கறேன்." லிஃப்ட் மெக்கானிக்காக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியும் இல்லை, இப்போது மகளும் இல்லை. எப்படி மாட்டேன் என்று சொல்வது?

அவருக்காகத்தான் அந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றிலிருந்து நூறு வரை சீட்டுகள். ஆளுக்குச் சில. எல்லோருமாகச் சேர்ந்து சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு வரிசையாக நடுவில் வைத்துக்கொண்டு போக வேண்டும். முறை என்று ஒன்றும் கிடையாது. பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. கையில் சின்ன எண் இருந்தால் சட்டென்று வைக்கலாம், பெரிய எண் என்றால் பொறுத்திருக்கலாம். மற்றவர்களின் பொறுமை எவ்வளவு என்று மனசால் அளந்து பார்ப்பதுதான் மொத்த ஆட்டமும். குருவிக்கு உயிர் இதில். அவளும் ஆமையும் சேர்ந்தால் தோற்பதே அபூர்வம்.

காலி நாற்காலிக்கும் சீட்டு போடச் சொன்னார் அப்பா. பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கவிழ்ந்த சீட்டுகளின்மேல் கையை வைத்துக்கொண்டு, தோன்றும்போது ஒன்றைத் தள்ளுவார். அதனாலேயே ஒவ்வொரு ஆட்டமும் தோற்றது. யாரும் வருத்தப்படவில்லை. அவர் முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது, அது போதும் என்று இருந்தார்கள்.

அந்த முப்பத்தேழு வரும் வரைக்கும்.

அடுத்த ஞாயிறு கூடத்தில் காலடி வைத்ததும் ஆமைக்கு ஏதோ குறைவது போலிருந்தது. சுவர்க்கடிகாரம் ஓடவில்லை. "பேட்டரியக் கழட்டிட்டேன்" என்றார் அப்பா. "டிக் டிக்னு சத்தம். அவ கவனிக்க வேண்டாமா?" அன்று ஆளுக்கு மூன்று சீட்டு. நாற்காலியின் மூன்றும் சரியான இடத்தில் வந்து விழுந்தன. இந்தத் தடவை யாரும் மேஜையைத் தட்டவில்லை.

"எப்படிப்பா தெரியுது?" என்று பல்லு சிரித்தபடியே கேட்டான்.

"எனக்கெங்க தெரியுது? என் கை சும்மா மேல இருக்கு. அவதான் தள்ளுறா."

அதற்கடுத்த வாரம் பல்லு வரவில்லை. ஆஸ்பத்திரியில் வேலையாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் யாருக்கு அவ்வளவு அவசரமாகப் பல் வலிக்கிறது என்று ஆமையும் கேட்கவில்லை, வாத்தியும் கேட்கவில்லை.

அன்று குளிர்ப்பெட்டியின் இரைச்சலும் நின்றுபோயிருந்தது. ஒயரைப் பிடுங்கி, அதன் தலைமேலேயே சுற்றி வைத்திருந்தார். அடுக்களையிலிருந்து கெட்டுப்போன பாலின் புளித்த வாடை மெல்ல மெல்லக் கூடத்துக்கு வந்து, சீட்டுகளின் பழைய அட்டை வாசனையோடும் அவர் கையில் இத்தனை வருஷமாகியும் போகாத கிரீஸ் வாசனையோடும் கலந்து நின்றது. மின்விசிறி மட்டும் மேலே ஒரு சுற்றுக்கு ஒரு முனகலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாத்தி சீட்டைக் கலைத்துப் போட்டான். அப்பா தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, ஆமையின் கண்ணெதிரேயே, நாற்காலியின் மூன்று சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு தன்னுடைய மூன்றை அங்கே கவிழ்த்து வைத்தான். சூது ஏதாவது இருந்தால் இப்போது உடைந்துவிடும்.

உடையவில்லை. ஒரு சீட்டும் பிசகவில்லை. கடைசிச் சீட்டு விழுந்ததும் வாத்தி எழுந்து செருப்பைத் தேடினான்.

மாடிப்படியில் இறங்கும்போது அவன் கைப்பிடியை விடவே இல்லை. "அவரு ஏமாத்தல. அது மட்டும் நிச்சயம்."

"அப்போ எப்படிடா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம். நீயும் வராதே, ஆமை. சொன்னாக் கேளு."

ஆனால் அவள் போனாள். போகாமல் இருக்க முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்தி வைத்துக்கொண்டு குருவியின் அப்பா கேட்டிருந்தார். "ரொம்ப வலிச்சுதாம்மா அவளுக்கு?" ஆமை சொன்னாள். "இல்லப்பா. அந்த நிமிஷமே." அந்த ஒரு வாக்கியத்தைத் தலைக்கு வைத்துத்தான் அவர் இத்தனை நாள் தூங்கியிருக்கிறார்.

அந்த நிமிஷமே இல்லை. பொழுது சாயும் நேரத்தில் கவிழ்ந்த கார், முழுக்க இருட்டிய பிறகும் அப்படியேதான் கிடந்தது. ஆமைக்கு நினைவு தப்பவே இல்லை. பின்னால் எங்கோ நசுங்கிய தகரத்துக்கு அடியிலிருந்து குருவி கூப்பிட்டாள். "இருக்கியா?" ஆமைக்குக் குரல் இருந்தது. பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் ஏதோ கொழகொழவென்று இருந்தது. பதில் சொன்னால் அடுத்து, என் காலைப் பாரேன், எனக்கு என்ன ஆச்சு பாரேன் என்பாள். திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆமை கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சுச் சத்தத்தையும் அடக்கிக்கொண்டு, மயங்கிக் கிடப்பதுபோலக் கிடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இருக்கியா?" அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் கழித்து. ஒவ்வொரு இடைவெளியும் முந்தியதைவிட நீளம். வேறெதுவும் செய்ய முடியாமல் ஆமை அந்த இடைவெளிகளைத் தன் மூச்சால் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்கு மூச்சு. இருபத்திரண்டு. முப்பத்தொன்பது. பிறகு கூப்பிடவில்லை.

வாரம் முழுக்கக் கடையில் அந்த எண்கள்தான் வாயில் வந்தன. வாடிக்கையாளரின் கண் முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல இதுவா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பதினான்கு வரை போய்விடுவாள். ஒரு பெரியவர் எரிச்சலோடு சொன்னார். "எத்தனை தடவம்மா சொல்றது, ரெண்டுமே மங்கல்தான்."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அப்பாவே கதவைத் திறந்தார். புதுச் சட்டை போட்டு, வழவழவென்று சவரம் செய்திருந்தார்.

"வாம்மா. நீயாவது வந்தியே."

மின்விசிறியும் ஓடவில்லை. ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்து, தெருச் சத்தம் உள்ளே வராமல் அடைத்திருந்தார். கூடத்தில் காற்றே இல்லை. திரைச்சீலை வழியாக வந்த வெளிச்சம் மேஜை விரிப்பின்மேல் பழுப்பாகக் கிடந்தது. ஆமைக்குத் தன் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. அவர் கால்மாற்றி உட்காரும்போது முழங்கால் சொடுக்கியது கேட்டது. வேறெதுவும் இல்லை.

இதுதான் கடைசி என்று சொல்லிவிட வேண்டும். ஒரு ஆட்டம் முடித்துவிட்டுச் சொல்லலாம்.

அவர் சீட்டு போட்டார். அவளுக்கு மூன்று, நாற்காலிக்கு நாலு. எடுத்துப் பார்த்தாள். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றெட்டு, நூறு. செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. காத்திருந்தால் போதும்.

அப்பா கையை வைத்தார்.

சீட்டு வந்தது. ஆமையே திருப்பினாள். ஒன்பது.

காத்திருந்தாள். அறியாமலே எண்ணினாள். பத்து மூச்சு. பன்னிரண்டு. பதினான்கு.

சீட்டு வந்தது. இருபது.

எண்ணக் கூடாது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே எண்ணினாள். பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று.

இருபத்திரண்டு.

சீட்டு வந்தது.

அவள் அதைத் திருப்பவில்லை. என்ன எண்ணாக இருந்தால் என்ன? அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். சீட்டின்மேல் இருந்த அவர் கை தளர்ந்து, தூங்குகிற குழந்தையின் வயிற்றின்மேல் வைத்த கைபோல, லேசாக ஏறி இறங்கியது. மேஜை அசையவில்லை. அவர் தோள் அசையவில்லை. கை மட்டும்.

முப்பது. முப்பத்தொன்று.

முப்பத்தெட்டு வரை அவளால் தாங்க முடிந்தது.

"நான் பொய் சொல்லிட்டேன்பா."

அந்த அறையில் அவள் குரல் ஏதோ உடைந்து விழுந்ததுபோல ஒலித்தது. கடைசிச் சீட்டு அவர் கைக்கடியில் நின்றுவிட்டது. அதன்பிறகு ஆமை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். இருட்டு, தகரம், குரல், தான் கண்ணை மூடிக்கொண்டது. மூக்கு ஒழுக, வாய் கோண, அழுதபடியே சொன்னாள். "நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்பா. 'இருக்கேன்டி'ன்னு. அவ்வளவுதான். அதைக்கூடச் சொல்லல."

அவர் மேஜை விரிப்பின் சுருக்கத்தை விரலால் நீவினார். கத்துவார் என்று நினைத்தாள். அறைவார் என்று நினைத்தாள். அறைந்தால் நன்றாயிருக்கும்.

"தெரியும்மா" என்றார்.

"என்னப்பா?"

"மூணு வாரம் ஆச்சு. அவளே சொன்னா." புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "நான் ஒரு நாள் முழுக்க அழுதேன். உன்மேல கோவம்கூட வந்துச்சு. அவதான் விடல. 'ஆமை பயந்துட்டாப்பா, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னா. எப்பவுமே உன் பக்கம்தானே அவ பேசுவா."

ஆமை கையிலிருந்த மூன்று சீட்டுகளையும் கீழே வைத்தாள்.

"அவளுக்கு நீ மட்டும் போதுமாம். மத்த ரெண்டு பேரும் வராதது நல்லதுதான்னா." மேஜையில் கிடந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, கலைத்து, நிதானமாகப் பிரித்துப் போட்டார். இரண்டு பக்கமும் பத்துப் பத்தாக. "எத்தனை நாளைக்கும்மா நான் நடுவுல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது? எனக்கு எண்ணும் தெரியல, ஒண்ணும் தெரியல. எழுந்திருங்கப்பாங்கறா."

"அப்பா, வேண்டாம்பா. நான் கிளம்பறேன்."

"கொஞ்ச நேரம் இரு. உன்னைத்தானே கேக்கறா." எழுந்து, அவள் பின்னால் வந்து, தலையை ஒருமுறை தடவினார். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க."

அவருடைய செருப்புச் சத்தம் கதவு வரை போனது. கதவு சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் மெதுவாக, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, விழுந்தது.

ஆமை அசையவில்லை.

எதிரே நாற்காலி. காலியாகத்தான் இருந்தது. உற்றுப் பார்த்தாள். காலிதான். மெத்தை அமுங்கவில்லை, நிழல் விழவில்லை. ஒன்றுமே இல்லை.

பத்துச் சீட்டுகள் மட்டும் அதன் முன்னால் கவிழ்ந்து கிடந்தன.

முதலில் ஒன்று நகர்ந்தது. நகக்கண் அளவு. நின்றது. பிறகு எல்லாம் சேர்ந்து, வாரிக் கூட்டியதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டன.

எழுந்தன.

ஒரு பெண் உட்கார்ந்தால் நெஞ்சுக்கு நேரே வரும் உயரத்தில், முதுகை ஆமைக்குக் காட்டிக்கொண்டு, விசிறிபோல ஒவ்வொன்றாக விரிந்தன. பிடிக்கக் கை இல்லை. கட்டைவிரல் அழுத்தும் இடத்தில் மட்டும் அட்டை குழிந்திருந்தது. வலிக்கிற கையில் இருப்பதுபோல விசிறி நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் கை தானாகப் போய்த் தன் பத்துச் சீட்டுகளை எடுத்தது. ஒழுகும் கண்ணில் ஒரு எண்ணும் பிடிபடவில்லை. அவள் எடுத்ததும் எதிரே நடுக்கம் நின்றது. விசிறி சற்றுத் தாழ்ந்தது. பிறகு, அழுகிற தோழியின் முகத்தைக் கிட்டத்தில் பார்க்க யாரோ மேஜைமேல் குனிவதுபோல, அந்தப் பத்துச் சீட்டுகளும் மெல்ல அவள் பக்கம் சாய்ந்து வந்தன.