கறை படாத பெருவிரல்

காலை 7.10.

பட்டறையின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த மேஸ்திரி, தரையில் பரவியிருந்தது எண்ணெய் என்றுதான் முதலில் நினைத்தார். இரண்டடி வைத்ததும் செருப்பு ஒட்டிக்கொண்டது.

கடைசல் இயந்திரத்தின் காலடியில் முதலாளி குப்புறக் கிடந்தார். பின்மண்டை உள்வாங்கியிருந்தது. பக்கத்தில் கிடந்த சம்மட்டியின் முகத்தில் நரைமுடி. அடித்தவன் ஒரே அடியோடு நிறுத்தவில்லை; மண்டையில் ஆறு காயம். இயந்திரம், சுவர்க் கடிகாரம், கூரைத் தகரம் வரை தெறித்திருந்தது.

மேஸ்திரி போட்ட கூச்சலில் பின்கட்டு வீட்டிலிருந்து மகள் ஓடி வந்தாள். அப்பாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். போலீஸ் வந்தபோது அவளுடைய முழங்கை வரை சிவப்பாக இருந்தது. அதுவே அவளுக்கு வினையாயிற்று.

காலை 8.40.

அடுத்து உள்ளே வந்தவர், முப்பது வருஷமாக மற்றவர்களுக்கு உயில் எழுதிக் கொடுத்தே தலை நரைத்த வக்கீல். ஊரில் அவருக்கு ‘உயிலம்மா’ என்றே பெயர். முதலாளியின் மேஜையில் அவருடைய கார்டு கிடைத்ததால் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பியிருந்தார்.

“வாங்கம்மா. நீங்க ஒரு வீட்டுக்குள்ள காலை வச்சா, அங்க யாரோ கிளம்பப்போறாங்கன்னு ஊர்ல பேச்சு. இன்னிக்கு நீங்கதான் லேட்.”

உயிலம்மா சிரிக்கவில்லை. “என்ன கிடைச்சுது?”

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாளை நீட்டினார். டைப் அடித்த நாலு வரி. பட்டறை, வீடு, மனை எல்லாம் மகளுக்கே. மகனுக்கு ஒன்றும் இல்லை. போன வாரத்துத் தேதி. கீழே ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை, ஒவ்வொரு கோடும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக. சாட்சிகளுக்கான இரண்டு இடமும் காலி.

“மக அலமாரியில, துணிக்கு அடியில இருந்துச்சு. கிழவர்கிட்ட எழுதி வாங்கியிருக்கா. மனசு மாறிடுவாரோன்னு பயந்து கதையை முடிச்சுட்டா. ஆறு மணிக்கு ரொட்டி வாங்கப் போனேன், அரை மணியில வந்துட்டேங்கறா. வீட்டுக் கதவு பூட்டியிருந்துச்சாம்.”

“வேற யாருகிட்ட சாவி?”

“அண்ணன்கிட்ட ஒண்ணு. அவன் அப்பாவோட சண்டை போட்டுட்டுப் போய்ப் பத்து மாசம் ஆகுது. இப்பதான் அழுதுகிட்டே கார்ல வந்து இறங்கினான். வேன் தயாரா இருக்கு, இவளை ஏத்த வேண்டியதுதான் பாக்கி.”

“அதுக்கு முன்னாடி அவர் கையைப் பார்க்கணும்.”

உயிலம்மா குனிந்தார். முதலாளிக்குப் பக்கவாதம் வந்து பதினாலு மாதமாயிற்று. வலக்கை மடங்கி மார்போடு ஒட்டி, சோப்புப் போட்டுக் கழுவியதுபோலச் சுத்தமாக இருந்தது. இடக்கைதான் வேலை பார்த்த கை. நான்கு விரல்களிலும் நகக்கண் வரை கிரீஸ். பெருவிரல் மட்டும் பிறந்த குழந்தையின் விரலாகப் பளிச்சென்று இருந்தது. முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். ஸ்பிரிட் வாடை.

“ஒரே கை, ஒரே வேலை. இந்த விரல் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

“அஞ்சு விரலும் ஒண்ணா இருக்காதும்மா,” என்று சிரித்த இன்ஸ்பெக்டர், அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்.

“மூணு பேர்கிட்டயும் தனித்தனியா ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அப்புறம் வேனை எடுங்க.”

காலை 9.05. மகள்.

“அப்பா கடைசியா எதுல கையெழுத்துப் போட்டாரும்மா?”

“நேத்து, கூரியர்காரர் நோட்டுல. கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும். ஆனா போடாம விடமாட்டார். இடது கையில பழக்கறதுக்கு நானும் அவரும் அடிச்சுக்காத நாள் இல்ல மேடம்.”

9.12. மேஸ்திரி.

“நேத்து சாயங்காலம் டெலிவரி சீட்டுலம்மா. ‘நான் போடறேன் முதலாளி’ன்னேன். ‘ஏன்டா, எனக்குக் கை இல்லையா?’ன்னு திட்டினாரு.” துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

9.20. மகன்.

“கையெழுத்தா? அப்பாவுக்கா?” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “வலது கை விழுந்ததிலேர்ந்து எல்லாத்துக்கும் இடது பெருவிரல்தானே மேடம். பேங்குக்கு நானே கூட்டிட்டுப் போயிருக்கேன்.”

உயிலம்மா தலையாட்டினார். அவன் வெளியே போனான். அடுத்த நிமிஷம் முற்றத்தில் அலறல். தங்கையின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். “கொலைகாரி! சோறு போட்ட கையை வெட்டிட்டியேடி!” அவள் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. இரண்டு கான்ஸ்டபிள்கள் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

“போதும், நிறுத்துப்பா,” என்றார் உயிலம்மா. “அப்பாவுக்கு ஆறு அடி. தங்கச்சிக்கு எத்தனைன்னு கணக்கு வச்சிருக்கே?”



“இன்ஸ்பெக்டர், கிரீஸ் விரல்ல ரேகை எடுத்தா சேறுதான் விழும். அதனால முதல்ல விரலைத் துடைச்சிருக்காங்க. ரேகை எடுத்தப்புறம் மை தெரியக்கூடாதுன்னு திரும்பவும் துடைச்சிருக்காங்க. உயிரோட இருக்கறவர் வேலைக்கு நடுவுல ஒரு விரலை மட்டும் குளிப்பாட்டிட்டு உட்கார்ந்திருப்பாரா? விழுந்தப்புறம் எடுத்த ரேகை இது.”

“அதையும் இவளே எடுத்திருக்கலாமே?”

“இவளுக்கு ரேகை எதுக்கு? அப்பா கையெழுத்துப் போடறார்னு இவளுக்குத் தெரியும். கத்துக்கொடுத்தவளே இவதான். மேஸ்திரிக்கும் தெரியும். இந்த வாசலைப் பத்து மாசமா மிதிக்காதவனுக்குத்தான் அவர் இன்னும் கைநாட்டு.”

மகன் உதட்டை நக்கினான். “எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதின உயிலை நானே எழுதுவேனா? பைத்தியமா நான்?”

“சாட்சி இல்லாத உயில் செல்லாது. செல்லணும்னு நீ எழுதவும் இல்லை. இவ மேல பழி விழணும், அவ்வளவுதான். கொன்னவங்களுக்குச் செத்தவர் சொத்துல துரும்பும் கிடையாது. இவ உள்ளே போனா, மிச்சம் இருக்கற வாரிசு நீ ஒருத்தன். இன்ஸ்பெக்டர், இவன் காரைப் பாருங்க.”

காரை நோக்கி ஒரு கான்ஸ்டபிள் நகர்ந்ததுமே மகன் பாய்ந்தான். சுவரோரம் சாய்த்திருந்த இரும்புக் கம்பி அவன் கைக்கு வந்தது. உயிலம்மாவின் காதோரம் காற்று கிழிந்தது. பின்னாலிருந்த ஜன்னல் நொறுங்கிக் கொட்டியது. அவன் மறுபடி ஓங்குவதற்குள் மேஸ்திரியின் ஸ்பானர் அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“முதலாளிக்கு நான் பட்ட கடன்,” என்றார் மேஸ்திரி, மூச்சு வாங்க.

கார் சீட்டுக்கு அடியில் முத்திரை மைப்பெட்டி, பாதி ஸ்பிரிட் பாட்டில், கிரீஸும் ஊதாவும் குழைந்த பஞ்சுத் துணி.

காலை 10.15.

வேனில் ஏறியது மகன்தான். முறிந்த கையைத் தாங்கியபடி படியில் நின்று திரும்பினான். “நிஜ உயில்ல என்ன எழுதினார்?”

உயிலம்மா பையிலிருந்து எடுத்தார். மூன்று மாதத்துக்கு முன் தன் மேஜையில் முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிய கையெழுத்து, பக்கத்துக்கு ஒன்று, சரிந்து, கோட்டைத் தாண்டி.

“வீடு மகளுக்கு. பட்டறை மகனுக்கு. ‘அவன் கோபக்காரன், ஆனா இரும்பு தெரிஞ்சவன்’னு சொன்னார். அதையும் எழுதச் சொன்னார்.”

அவன் படியிலிருந்து இறங்கப் பார்த்தான். கதவு சாத்தப்பட்டது.

“கொன்னவங்களுக்குச் சொத்து இல்லைங்கற சட்டம் இவனுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

உயிலம்மா திண்டில் உட்கார்ந்து மகளின் புருவத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டிருந்தார்.

“போன வருஷம் என் ஆபீசுக்கு வந்தான். தங்கச்சியைச் சொத்துலேர்ந்து தள்ள வழி இருக்கான்னு கேட்டான். ‘ஒண்ணு, அப்பாவே தள்ளணும். இல்லைன்னா அவ அப்பாவைக் கொல்லணும்’னேன்.” கைக்குட்டையின் சிவப்பு அவர் பெருவிரலுக்கும் ஏறியிருந்தது. “ஜோக்குன்னு நினைச்சுத்தான் சொன்னேன். அவனும் சிரிச்சான்.”