யுன்ஷி என்று கூப்பிட்டபோது

"யுன்ஷியோட கழுத்துக்கு இன்னும் ஒரு மாவுக்கட்டு போடணும்" என்று பட்டறைக்குள் மேஸ்திரி லியாவ் சொன்னார். முற்றத்துக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள் காய்ச்சலில் கிடந்த குழந்தை "ம்" என்றது. இரண்டுக்கும் நடுவே கஷாயக் கிண்ணத்தோடு குழந்தையின் அப்பா தாவ்ஷெங் நின்றான். அடைத்த கதவைத் தாண்டி அவளுக்கு அந்தப் பேச்சு கேட்டிருக்க வழியில்லை.

இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தது அவன் செய்த வேலை. போன கோடையில், பெயரே இல்லாத ஓர் ஓடைக்கரையில் கல்லாகிப்போன அந்த நீண்ட எலும்புகளை முதலில் கண்டவன் அவன்தான். எலும்புகளை அடைத்த பெட்டிகளின் மேல் இடத்தின் பெயர் எழுத வேண்டும் என்றார்கள். மகளின் பெயரை எழுதினான். பெய்ஜிங் அறிஞர்கள் ஓடையின் பெயரையே அந்தப் புதிய விலங்குக்கும் சூட்டி, யுன்ஷி பல்லி என்று அறிவித்தார்கள்.

"உன் பொண்ணுக்குத் தம்பி பொறந்துட்டான்டா. கழுத்துதான் கொஞ்சம் நீளம்" என்று லியாவ் அன்று கேலி செய்தார். தாவ்ஷெங் எல்லோருக்கும் மது வாங்கிக் கொடுத்தான்.

எலும்புகள் சோங்கிங்கில் இந்தப் பட்டறைக்கு வந்து இறங்கிய வாரம் குழந்தை படுத்தாள். ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. பயந்துபோன உயிர் வழிதவறி அலைகிறது என்றாள் அவன் மனைவி பெய்ஃபன். அந்தி சாயும்போது தாய் வாசலில் நின்று, பிள்ளையின் சட்டையை விரித்துப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். உள்ளே பிள்ளையை வைத்திருப்பவர் "வந்துட்டா" என்றால்தான் உயிர் வீடு சேரும்.

"வேற பேர் சொல்லிக் கூப்பிடேன். பட்டறையிலயும் ஒரு யுன்ஷி இருக்கு" என்றான்.

"எம் புள்ளைக்கு வேற பேரு ஏதுய்யா? நீதானே வெச்சே. நான் கூப்பிடுறேன், நீ பதில் சொல்லு. அதையாவது உருப்படியாச் செய்."

லியாவ் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். ஆற்றிலிருந்து ஏறிய பனி கரிப்புகையையும், அடுத்த வீட்டில் தாளித்த மிளகாய் நெடியையும், காயாத மாவுக்கட்டின் ஈரவாடையையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு முற்றத்தை மெல்ல மெல்ல மூடியது. தாவ்ஷெங் உள்ளே குழந்தையை மடியில் கிடத்தியிருந்தான்; பெய்ஃபன் வாசலில் சட்டையை விரித்துப் பிடித்தாள்.

"யுன்ஷி, வீட்டுக்கு வாடா கண்ணு."

குழந்தை அசையவில்லை. பூட்டிய பட்டறைக்குள் பலகை ஒன்று முனகியது.

"யுன்ஷி, குளிருதுடா, வா."

மாவுக்கட்டு விரிசல் விடும் ஓசை. கல்மேல் கல் உரசும் ஓசை. பிறகு, கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல, கனமாக, ஒரு "ம்".

பெய்ஃபன் முகம் மலர்ந்தது. "கேட்டுச்சா? பதில் சொல்லுய்யா."

அவன் குழந்தையை இறுக்கிக்கொண்டான். முற்றத்தில் ஏதோ இழுபட்டு வந்தது. நெருங்கியது. மடியில் குழந்தையின் மார்பு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறவில்லை.

"சொல்லுய்யா."

உதடு நீலம். மூச்சில்லை.

"வந்துட்டா" என்றான்.

மடி லேசானது. குனிந்து பார்த்தான். போர்வை மட்டும்.

வாசலில் சட்டையின் கைகள் உப்பின. பெய்ஃபன் அதை இரு கைகளாலும் தாங்கி, மார்போடு அணைத்து, படி தாண்டி உள்ளே வந்தாள்.

"எம்மாங் கனம், பாரு" என்று சிரித்தாள்.

சட்டையின் கழுத்துப்பட்டியிலிருந்து எழுந்த ஒன்று அவள் தோளைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, பனிக்குள் நீண்டிருந்தது. மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

தலை இன்னும் வரவில்லை.