மலையிலிருந்து இறங்கும் வழி

ஆறாவது வரியை யாரோ வெட்டியிருந்தார்கள்.

பேர்ணடெற் அந்தத் தாளைக் குசினிக் கதவின் உட்புறம் ஒட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை. எழுபத்தாறாம் ஆண்டுக் கலண்டரில் கிழித்த பழைய மாதம் அது. அதன் பின்பக்கத்தில், கொட்டாஞ்சேனையிலிருந்து மலைக்குப் போகும் வழியை மேலிருந்து கீழாக ஆறு வரிகளில் எழுதியிருந்தாள். வீட்டுப் படி. கோட்டை ஸ்டேஷன். பதுளை ரயில். மலையடிவார பஸ். தொங்குபாலம். கடைசியாக, நாலு மைல் நடந்தால் கிரிந்தலாவை. அந்தக் கடைசி வரியின் மேல் ஈரம் காயாத செம்மண் கோடு ஒன்று, விரலால் இழுத்தது மாதிரி.

"டோரின், நீயோ இதில கை வைச்சது?"

"எனக்கென்ன விசரோ அண்ணி? நான் குசினிப் பக்கமே வரேல்லை."

டோரின், பேர்ணடெற்றின் புருஷன் கிளறன்ஸின் தங்கை. கிளறன்ஸ் கிரிந்தலாவைப் பள்ளிக்கூடத்துக்கு மாஸ்டராகப் போய் நாலு மாதம். பிள்ளை பிறந்த செய்திக்குப் பதில் எழுதினான். அதற்குப் பிறகு மூன்று கிழமையாய் ஒரு வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். தகப்பன் இல்லாமல் பிள்ளைக்குப் பேர் வைக்க மாட்டேன் என்று பேர்ணடெற் ஒற்றைக்காலில் நின்றாள். பேரில்லாத பிள்ளையைக் கன நாள் வைத்திருக்கக் கூடாது என்று பங்குச் சுவாமி இரண்டு தரம் சொல்லியும் கேட்கவில்லை. பிள்ளையை டோரினிடம் விட்டுவிட்டு, தானே போய் அவனைக் கூட்டிவருவதென்று முடிவெடுத்திருந்தாள்.

வழி சொன்னவர் மாடிக்குக் கீழே கடை வைத்திருக்கும் ஷரீப். மலைநாட்டு மரக்கறி லொறியில் பல வருடம் அலைந்தவர். சொல்லிவிட்டு ஒரு பேச்சும் பேசினார்.

"அந்த ஊருல யாரும் வழி சொல்ல மாட்டாங்க தங்கச்சி. எழுதிக் குடுக்கவும் மாட்டாங்க. கேட்டா கூடவே வந்து உட்டுட்டுத்தான் போவாங்க."

"ஏன், ஷரீப் நானா?"

"எனக்குச் சரியாத் தெரியா. எழுதின வழியில போகவும் ஏலும், வரவும் ஏலும்னு சொல்லுவாங்க. நீங்களும் எழுதாம மனசுல வெச்சிக்கோங்க."

பிள்ளை பெற்ற உடம்பு, நித்திரை இல்லாத கண், எதுதான் மனதில் நிற்கும்? எழுதிவிட்டாள்.

புதன்கிழமை தொங்குபாலம் என்ற வரியும் வெட்டுப்பட்டது. அன்று பின்னேரம் முழுக்க, துறைமுகத்து எண்ணெய் மணத்தையும் பக்கத்து வீட்டுக் கருவாட்டு மணத்தையும் மீறி, அழுகிய இலையும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாடை குசினியிலிருந்து மெல்ல மெல்லக் கசிந்து, கட்டிலில் கிடந்த பிள்ளைவரை வந்தது. பிள்ளை அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

வியாழக்கிழமை பஸ்ஸும் ரயிலும்.

டோரின் கைதட்டினாள். "அண்ணா வாறார் அண்ணி! ஒவ்வொரு இடமா இறங்கி வாறார், பாருங்கோவன்!"

பேர்ணடெற்றுக்குப் பயம். ஆனாலும், மாதாவே, அப்படியே இருக்கட்டும் என்று மனம் கெஞ்சியது. தாளைக் கிழிக்கக் கை போனது. கிழித்தால் அவன் எங்கே நிற்பான்? கையை இழுத்துக்கொண்டு, தன் பயணத்தையும் தள்ளிவைத்து, அவனுடைய வெள்ளைச் சேட்டை எடுத்து அயன் பண்ணினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கப் பார்த்தபோது கோட்டை ஸ்டேஷனும் வெட்டுப்பட்டிருந்தது. ஒரு வரிதான் மிச்சம். வீட்டுப் படி.

"தங்கச்சி!" கீழேயிருந்து ஷரீப் கத்தினார். "ட்ரங் கோல்! ஓடி வாங்க!"

பிள்ளையை டோரினின் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். கடையின் பின்வாசல் ஓரத்தில் டெலிபோன். அங்கே நின்றால் மாடிப்படி தெரியும்.

"பேர்ணா, நான்தான்." கிளறன்ஸ். அவனேதான், அதே கனத்த குரல். "பாலம் உடைஞ்சு போச்சு. மூண்டு கிழமையா இஞ்சயிருந்து ஒருத்தரும் இறங்கேல்லை. இப்பதான் லைன் குடுத்தவங்கள்."

"நீங்கள்... இப்ப எங்க நிக்கிறியள்?"

"கிரிந்தலாவைத் தபால் கந்தோரில. வேற எங்க?"

அவள் திரும்பினாள்.

மாடிப்படியில் செம்மண். வெறுங்காலின் தடம். ஒவ்வொரு படியிலும் ஒன்று. மேலே போகிற தடம். இறங்கி வந்தபோது இருக்கவில்லை. அவளைத் தாண்டி ஒருவரும் போகவில்லை. அந்த இலை வாடை.

மேலே டோரின் சந்தோசத்தில் கத்தினாள். "அண்ணி! அண்ணா வந்திட்டார்!"

"ஆர் அது, டோரினே?" என்றது டெலிபோன். "ஏன் கத்துறாள்? பேர்ணா?"

ரிசீவர் கையிலிருந்து நழுவியது. ஓடினாள். சேறு வழுக்கியது. முழங்கால் அடிபட்டது. எழுந்தாள். ஓடினாள்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"டோரின்! திற!"

டோரினின் சத்தம் இல்லை. பிள்ளை ஒருதரம் வீரிட்டது. நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், கிளறன்ஸின் குரல். அதே கனம். அதே செல்லம்.

"இன்னும் பேர் வைக்கேல்லைத்தானே?"

கோயிலில் ஆறு மணி அடித்தது. கீழே கடையில், வயரில் தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரிலிருந்து அதே குரல், பேர்ணா, பேர்ணா என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தது.