பெறுநர் பெயர்

அந்த மெயிலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

சங்கர் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தான். இருந்தது. நரிக்குடி கரி யார்டிலிருந்து கிளம்பும் எந்த மெயிலும் நேரே பாளையம்பட்டிக்கு, கடைக்கு மேலே இந்த மாடி அறையில் மேஜைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கும் சர்வருக்குத்தான் வரும். நடுவில் எங்கேயும் நிற்காது. அவன்தான் அப்படி அமைத்தவன். மெயிலைத் திறப்பவர்கள் பார்க்காத தலைப்பு வரிகள் உள்ளே உண்டு. தபாலில் முத்திரை குத்துவதுபோல, வழியில் இருக்கிற ஒவ்வொரு இயந்திரமும் தன் பெயரையும் நேரத்தையும் அதில் பதித்துத்தான் அடுத்த இடத்துக்கு அனுப்பும். நரிக்குடி, பாளையம்பட்டி என்று இரண்டு முத்திரைதான் விழ வேண்டும். இதில் நடுவே திருச்சுழி என்று ஒன்று விழுந்திருந்தது.

திருச்சுழி குடோன் கம்ப்யூட்டர் போன ஐப்பசி மழையில் நனைந்து செத்துப்போனது. சாக்கில் கட்டி, இதே அறையின் மூலையில்தான் போட்டிருந்தான். சங்கர் திரும்பிப் பார்த்தான். சாக்கு அங்கேதான் கிடந்தது, கட்டிய கயிறும் அவிழவில்லை.

மெயிலுக்குள் ஒரு எழுத்துகூட இல்லை. அனுப்பியவர் மொக்கையன்.

மொக்கையன் செத்து அன்றோடு நாலு நாள்.

அவர்களுடையது கரி வியாபாரம். நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, விறகை அடுக்கி, மேலே செத்தையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் புகையவிடுவார்கள். அதுதான் மூட்டம். மண் பூச்சு எங்கே வெடித்தாலும் உடனே அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் புகுந்து விறகெல்லாம் சாம்பலாகிவிடும். மொக்கையன் இருபது வருஷமாக மூட்டக் காவல். செவ்வாய்க்கிழமை வெடிப்பை அடைக்க மேலே ஏறியவர், பூச்சு உள்வாங்கி அப்படியே உள்ளே போய்விட்டார். அவர் சட்டைப்பையில் இருந்த போனும் அவரோடு போனது.

யாராவது விளையாடுகிறார்களா? எந்தக் கழுதைக்கு இந்த அளவுக்கு விவரம் தெரியும்? சங்கர் முத்திரைகளின் நேரத்தைப் பார்த்தான். நரிக்குடியில் காலை ஆறு ஐந்து. திருச்சுழியில் பத்து பத்து. ஒரு மெயில் போய்ச்சேர ஒரு நொடி போதும். இது நாலு மணி நேரம் எடுத்திருக்கிறது. நரிக்குடியிலிருந்து திருச்சுழிக்கு நாலு மணி நேரம் எடுக்க வேண்டுமென்றால், நடந்து வந்தால்தான் ஆகும்.

அவன் ஜன்னலைச் சாத்தினான். சாத்திய பிறகு எதற்குச் சாத்தினோம் என்று தெரியவில்லை. வெளியே சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் இளகி, டவுன் பஸ் போகும்போதெல்லாம் சக்கரம் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. கீழே கடையில் அப்பா யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ராம்குமாரைப் பற்றித்தான் இருக்கும். அவர் வேறு எதைப் பற்றி அப்படிச் சிரிப்பார்?

ராம்குமார் சங்கரின் தம்பி, ஐந்து வயது இளையவன். கரியை வெளிநாட்டுக்கு அனுப்ப வழி பண்ணியவன் அவன். சரிதான், பண்ணினான். ஆனால் கரி வாங்குகிற அந்த வெள்ளைக்காரனோடு பேசுவதற்கு மெயில் போட்டது யார்? சர்வர் வாங்கி, கம்பி இழுத்து, தூசி தின்று, முதுகு ஒடிந்தது யார்? அப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. தினமும் காலையில் கடையைத் திறந்து, சூடம் காட்டி, வந்த மெயில்களை அச்செடுத்துப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைப்பார். நாளின் முதல் போணி மாதிரி அவருக்கு அது. பிறகு மஞ்சள் தொட்டு வைத்து, பெறுநர் பெயரை மட்டும் கடையில் நிற்கிறவர்கள் காதில் விழ வாசிப்பார். "ராம்குமாருக்கு. இதுவும் ராம்குமாருக்கு. அடேயப்பா, இதுவும் நம்ம ராம்குமாருக்குத்தான்." சங்கர் பக்கத்திலேயே நிற்பான், அச்சு இயந்திரத்தில் தாள் போட. வயிறு எரியாதா பின்னே?

தை மாதம் ஒரு நாள் அவன் சர்வரில் ஒரு ரூல் எழுதினான். மூன்றே வரி. ராம்குமாருக்கு என்று வருவதெல்லாம் உள்ளே நுழையும்போதே பெறுநர் பெயர் அழிந்து சங்கர் என்று மாறும், சங்கரின் பெட்டிக்குப் போகும். வெள்ளைக்காரனுக்கு அவனே பதில் போட்டான். தம்பிக்கு எது தெரிந்தால் போதுமோ அதை மட்டும் அனுப்பினான். மறுநாள் காலையில் அப்பா தாளைக் கையில் எடுத்து, கண்ணைச் சுருக்கி, "சங்கருக்கு" என்று வாசித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்காக அவன் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பான்.

யார்டு ஆட்கள் போனில் பேசி, அது எழுத்தாக்கி அனுப்பும் மெயில்களை மட்டும் தனியாக ஒரு பெட்டியில் போட்டு, படித்ததாகக் குறிக்கச் சொல்லியிருந்தான். புகையும் மண்ணும் பற்றிய அந்தக் கதையெல்லாம் யாருக்கு வேண்டும்?

பதினொன்றரைக்கு ராம்குமாரே போன் பண்ணினான். மூட்டத்தைப் பிரிக்க விடியற்காலையிலேயே நரிக்குடி போயிருந்தான்.

"அண்ணே, மொக்கையண்ணன் சம்சாரம் ஒண்ணு சொல்லுது. அவுக சாகுறதுக்கு முந்துன நாள் எனக்கு மெயில் போட்டாகளாம்ல. மூட்டம் உள்வாங்குது, ஆள் அனுப்புங்கன்னு. எனக்கு ஒண்ணும் வரலயேண்ணே. சர்வர்ல கொஞ்சம் பாரேன்."

"வரலடா. வந்தா எனக்குத் தெரியாதா?"

"அதான் நானும் சொன்னேன். பாவம்ணே. பாத்திருந்தா அந்த நிமிசமே ஓடி வந்திருப்பேன்."

ஓடித்தான் வந்திருப்பான். ஊரே அவனைக் கும்பிட்டிருக்கும். போனை வைத்த பிறகு சங்கர் அந்தப் பெட்டியைத் திறந்தான். திங்கட்கிழமை சாயங்காலம், நாலு வரி. 'தம்பி மூட்டம் மேற்கே உள்வாங்குது. தனியா ஏற பயமா இருக்கு. ரெண்டு ஆள் அனுப்புங்க. நீங்க சொல்லுற வரைக்கும் காத்திருக்கேன்.' மேலே பெறுநர் என்ற இடத்தில் சங்கர் என்று இருந்தது.

அவன் அதை அழித்தான். குப்பைப் பெட்டியிலிருந்தும் அழித்தான்.

அப்போதுதான் வாசனை வந்தது. கரிக்கடையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கரி வாசனை புதிதில்லை. நன்றாக வெந்த கரிக்கு வாசனையே கிடையாது. இது பச்சை விறகு புகைகிற வாசனை, கண்ணைக் கரிக்கிற, தொண்டையில் பிசினாக ஒட்டுகிற வாசனை, கூடவே இனிப்பாக வேறு ஏதோ ஒன்று. ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி சுற்றச் சுற்ற வாசனை அறைக்குள்ளேயே சுற்றியது.

ஒரு மணிக்குக் கரண்டு போனது. இன்வர்ட்டரின் ரீங்காரத்தில் சர்வர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று இருபதுக்கு அடுத்த மெயில் விழுந்தது.

மொக்கையன். உள்ளே வெறுமை. நரிக்குடி, ஆறு ஐந்து. திருச்சுழி, பத்து பத்து. அருப்புக்கோட்டை குடோன், ஒன்று பதினெட்டு.

அருப்புக்கோட்டையிலிருந்து பாளையம்பட்டி எவ்வளவு தூரம்? நடந்தால் முக்கால் மணி நேரம்.

சங்கர் எழுந்து நின்றான், உட்கார்ந்தான். பயத்தில் மூளை வேகமாக ஓடியது. இது யாருக்கு வருகிறது? தம்பிக்கு. மொக்கையன் கூப்பிட்டது தம்பியை. காத்திருந்தது தம்பிக்காக. நான் எழுதின ரூல்தான் அதை இழுத்து என் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறது. ரூலை எடுத்துவிட்டால் தீர்ந்தது, அவனுக்கு உள்ளது அவனுக்குப் போகட்டும். தை மாதம் எழுதிய மூன்று வரியையும் அழித்தான். சர்வரை ஒரு முறை நிறுத்தி ஓட்டினான். நெற்றியைத் துடைத்தபோது கையில் கறுப்பாக ஈஷியது. எங்கே தொட்டோம் என்று தெரியவில்லை.

ஒன்று ஐம்பது. டிங் என்றது.

அவனுடைய பெட்டியில்தான் விழுந்தது. ரூல் இல்லை. மாற்றுவதற்கு எதுவும் இல்லை. தலைப்பு வரிகளைத் திறந்தான். யாரும் கை வைக்காத, அனுப்பியவர் போட்டபடியே இருக்கிற பெறுநர் பெயர்.

சங்கர்.

அதற்குத் தெரிந்துவிட்டது.

இங்கே விழுந்ததை விட்டால் முத்திரைகள் நாலு. கடைசியாக விழுந்தது பாளையம்பட்டி விலக்கு. அந்தப் பெயரில் அவனிடம் எந்த இயந்திரமும் கிடையாது. அது பஸ் நிறுத்தம்.

விரல்கள் தாமாகவே எழுதின. பழைய ரூல்தான், பெயர்கள் மட்டும் இடம் மாறின. சங்கருக்கு வருவதெல்லாம் பெயர் அழிந்து ராம்குமாருக்கு. எப்போதும் எல்லாம் அவனுக்குத்தானே, இதையும் அவனே வைத்துக்கொள்ளட்டும். சேமித்தான்.

அமைதி.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வாசனை குறைந்தது போலிருந்தது. கீழே தெருவில் நாய் ஒன்று நீளமாக ஊளையிட்டு, நடுவிலேயே நிறுத்தியது.

போன் அடித்தது. ராம்குமார்.

"அண்ணே, எனக்கு ஒரு வெறும் மெயில் வந்திருக்கு. மொக்கையண்ணன் பேர்ல. எனக்குத்தான் போட்டிருக்கு." தம்பிக்கு மூச்சு வாங்கியது. "எல்லாரும் சாப்பிடப் போய்ட்டாக. நான் மட்டும்தான் நிக்கேன். மூட்டத்துக்குள்ள இருந்து யாரோ கூப்பிடுற மாரி இருக்குண்ணே. மேற்கால. என்னைய பேர் சொல்லிக் கூப்பிடுது. ஏறிப் பாக்கட்டா?"

இன்னும் சூடு அடங்காத மூட்டம். மேற்கே உள்வாங்குது. ஏறாதே என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் சங்கரின் நாக்குவரை வந்தது. நாளைக் காலையில் அப்பா வாசிக்கப்போகிற பெயரும் கூடவே வந்தது.

"சரிடா," என்றான். "பாத்து ஏறு."

"சரிண்ணே."

மண் சரிகிற சத்தம் கேட்டது. ஒரு மூட்டை கரியைக் கொட்டுவதுபோல, மெதுவாக, வெகுநேரம். பிறகு இணைப்பு அறுந்தது.

சங்கர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான். அழுகை வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. வந்தது பசி. இரண்டு மணி. அப்பா சாப்பிட உட்காரும் நேரம்.

கீழே அப்பாவின் குரல் கேட்டது.

"வா ராசா! வா, வா! என்னடா இவ்வளவு சீக்கிரம் வந்துட்ட?"

நரிக்குடியிலிருந்து பைக்கில் பறந்து வந்தாலும் ஒரு மணி நேரம். தம்பி பேசி வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"உக்காருடா. வெயில்ல என்னமா அலஞ்சிருக்க."

பலகை பெஞ்சு கிறீச்சிட்டது. சங்கர் மாடிப்படியில் இறங்கினான். ஒவ்வொரு படியாக. வாசனை இப்போது சுவரிலிருந்தே வந்தது. கைப்பிடிக் கம்பி சுட்டது.

கடைசிப் படியில் நின்றான்.

கரண்டு இல்லாத கடை. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே வெயில் வெள்ளையாகக் கிடந்தது. அங்கிருந்து பெஞ்சு வரை தரையில் கறுப்புக் கால் தடங்கள். வெறுங்கால். தம்பி ஷூ இல்லாமல் யார்டுக்குப் போகவே மாட்டான்.

அவனுக்கு முதுகைக் காட்டி அது உட்கார்ந்திருந்தது. காலையில் ராம்குமார் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை. ராம்குமாரின் தோள். ராம்குமாரின் பின்கழுத்து. மேலே எல்லாம் ராம்குமார்தான். சட்டைக் காலருக்குள்ளே மட்டும், மூச்சு விடும்போதெல்லாம், சிவப்பாகக் கனன்று கனன்று அடங்கியது.

அப்பா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்தார். வலது கையால் அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். முன்னும் பின்னுமாக, ஆசையாக.

"தலை என்னடா இப்படிச் சுடுது?" என்று சிரித்தார். கையை எடுக்கவில்லை. விரல்களுக்கு நடுவிலிருந்து புகை கிளம்பியது. மெல்லிய, நீலப் புகை. அந்த இனிப்பு வாசனை என்னவென்று சங்கருக்குத் தெரிந்துவிட்டது.

முப்பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கை ஒரு நாளும் என் தலைக்கு வந்ததில்லை.

அப்போதும் அதுதான் தோன்றியது.

அப்பா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கையை உயர்த்தி அவனை அழைத்தார். உள்ளங்கையில் தோல் இல்லை.

"ஏலே சங்கரு, அங்கயே நிக்கியே! வா, நீயும் வந்து தம்பிகூட உக்காரு."

திரும்பிப் பார்க்காமலே அது மெதுவாக நகர்ந்து, கருகிப் புகைகிற பலகையில் அவனுக்கு இடம் விட்டது.