கப்பலேறிப் போன பாதி

சனிக்கிழமை மூன்று மணிக்கு நடன நிகழ்ச்சி. இரண்டே முக்காலுக்கே பாரா தீவின் ஊர்க்கூடத்தில் உட்கார இடமில்லை.

முதல் நான்கு வரிசைகளிலும் கனடாவிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். இருநூறு வருடங்களுக்கு முன்பு எங்கள் ஸ்காட்லாந்துத் தீவிலிருந்து கப்பலேறிப் போன குடும்பங்களின் வழிவந்தவர்கள். அவர்களுக்காகத்தான் எங்கள் ஊர்க் குழு குளிர்காலம் முழுக்க ஆடிப் பழகியிருந்தது. குழு என்றால் வேறு யாருமில்லை. எட்டு வீட்டு அம்மா, அப்பா, பிள்ளைகள்தான்.

திரைக்குப் பின்னால் பத்து வயது ஈஷ்பெல், தன் சித்தப்பா மகன் ரூரிக்கு ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். ரூரிக்கு ஆறு வயது. அவனுக்கு இதுதான் முதல் மேடை. அண்ணனுடைய பழைய கில்ட் பாவாடை அவன் இடுப்பில் நிற்கவில்லை. மூன்று ஊசி குத்தியிருந்தார்கள்.

"அக்கா, ஊசி குத்துது."

"அப்போ குனியாத. நிமிர்ந்து ஆடு. அதுதான் அழகு."

அப்போது குழுவை நடத்தும் மோரக் அத்தை போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"காத்து பலமா இருக்காம். பக்கத்துத் தீவுல படகை நிறுத்திட்டாங்க. நம்ம வயலின்காரங்க மூணு பேரும் அங்கேயே மாட்டிக்கிட்டாங்க."



"போன்ல பாட்டுப் போடலாமே அத்தை," என்றாள் ஈஷ்பெல்.

போட்டார்கள். திரை விலகியது. ஆனால் போன் யாருக்காகவும் காத்திருக்காது. வயலின்காரர்கள் என்றால் ரூரியின் கால்களைப் பார்த்துத்தான் வாசிப்பார்கள். அவன் தடுமாறினால் அவர்களும் கொஞ்சம் மெதுவாகப் போவார்கள். இந்தப் பாட்டோ தன் போக்கில் ஓடியது. நான்காவது அடியில் ரூரி பின்தங்கினான். ஏழாவது அடியில் நின்றான். எட்டாவது அடியில் அவன் மேடையிலேயே இல்லை.

மோரக் அத்தை பாட்டை நிறுத்தித் திரையை இழுத்தார்.

ரூரி பழைய நாற்காலிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்.

"நான் வீட்டுக்குப் போறேன். என் காலு கெட்டுப்போச்சு."

"உன் காலுக்கு ஒண்ணும் ஆகல. அந்தப் பாட்டுதான் அவசரக்குடுக்கை," என்றாள் ஈஷ்பெல். "வா, நான் பாடறேன். எவ்வளவு மெதுவா வேணும்னாலும் ஆடு. திரை மூடியிருக்கு, யாரும் பாக்க மாட்டாங்க."

ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கும்போது அவள் வீட்டில் எல்லோரும் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அதற்கு அர்த்தமெல்லாம் கிடையாது. வயலின் செய்கிற வேலையை வாய் செய்யும், அவ்வளவுதான்.

"ஹிம் தரா ஹோ தரா, ஹிம் தரா ஹே..."

ரூரியின் வலது கால் அசைந்தது. பிறகு இடது கால். ஈஷ்பெல் அவன் கால்களையே பார்த்துப் பாடினாள். அவன் தயங்கிய இடத்தில் ஒரு சொல்லை நீட்டினாள். பாட்டு ரொம்பச் சின்னது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பாடினாள்.

திரை மெல்லியது. வெளியே யாரோ காலால் தாளம் போடுவது கேட்டது. பிறகு பத்துக் கால்கள். கொஞ்ச நேரத்தில் மரத்தரை முழுவதும் அதிர்ந்தது. மோரக் அத்தை திரையைத் திறந்துவிட்டார்.

இத்தனை கண்களைப் பார்த்ததும் ஈஷ்பெல் ஓரடி பின்வாங்கினாள். ஆனால் அவள் நிறுத்தினால் ரூரி நின்றுவிடுவான். பாடிக்கொண்டே இருந்தாள். மற்றப் பிள்ளைகளும் ஆட வந்துவிட்டார்கள்.

பாட்டு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்க அவள் மூச்சை இழுத்தாள்.

அதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அதே பாட்டுதான். ஆனால் அது முதலுக்குத் திரும்பவில்லை. மேலே ஏறியது. ஈஷ்பெல் ஒருநாளும் கேட்டிராத இடத்துக்கு, கடற்பறவை காற்றில் ஏறுவதுபோல ஏறி, சுற்றி, மெல்ல இறங்கி, அவள் தொடங்கவேண்டிய இடத்தில் சரியாக வந்து நின்றது.

பாடியவர் சிவப்பு மழைக்கோட்டு போட்டிருந்த டோலினா. கனடாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்.

ஈஷ்பெல்லின் கைகளில் மயிர் சிலிர்த்தது. அவள் தன் பாதியைப் பாடினாள். டோலினா மறுபாதியைப் பாடினார். மூன்றாவது சுற்றில் கூடமே பாடியது. சன்னல் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. ரூரி ஊசிகளை மறந்து குதித்தான்.

முடிந்தபோது எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

ஈஷ்பெல்லின் அம்மா எழுந்து டோலினாவிடம் போனார்.

"இது எங்க வீட்டுப் பாட்டு. வேற யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிருந்தேன்."

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்," என்றார் டோலினா. பிறகு ஈஷ்பெல்லைப் பார்த்தார். "நீ ஏன் கண்ணு பாதியிலயே திரும்பித் திரும்பிப் போன?"

"எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்."

"மீதி எங்களோட கப்பலேறிடுச்சு போல," என்றார் டோலினா. சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஆனால் அவரே சிரிக்கவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்தவர், விடவே இல்லை.

ரூரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ நீங்க எனக்கு என்ன முறை?"

"தெரியலையே. பெரியம்மான்னு வெச்சுக்குவோமா?"

ரூரி தலையாட்டினான்.

"சரி பெரியம்மா. ரெண்டு பேரும் முதல்லேர்ந்து பாடுங்க. நான் இன்னும் முழுப் பாட்டுக்கும் ஒழுங்கா ஆடவே இல்ல."